வன்னியில் பாட்டு – 17: உறுதி இல்லாத பாட்டுகள்

2003 நவம்பர் 12ஆம் திகதி கொழும்பில் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் சான்றுரை பெற்றது. நாட்டின் கவனம் அந்தக் கிழமைகளில் வேறெங்கோ இருந்தது. ஒக்டோபர் முடிகிற நேரத்தில்தான் விடுதலைப் புலிகள் இடைக்காலத் தன்னாட்சி அதிகார சபைக்கான யோசனைகளை முன்வைத்திருந்தார்கள். நவம்பர் 4இல் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க மூன்று அமைச்சுகளைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். சமாதானம் நிலைக்குமா, ஏ9 பாதை திரும்பவும் பூட்டுமா என்பதுதான் கிளிநொச்சித் தேநீர்க் கடைகளில் பேச்சு. பாட்டு எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் பாடியவருக்கும் என்னென்ன உரிமை என்று சொல்கிற ஒரு சட்டம் பிறந்ததை வன்னியில் ஆர் கவனித்திருக்கப் போகிறார்கள்? ஓமந்தைச் சோதனைச் சாவடிக்கு வடக்கே நீதிமன்றமும் வேறு, பொலிஸும் வேறு.

ஆனாலும் அந்தச் சட்டம் வன்னியில் பதிவான ஒவ்வொரு பாட்டையும் தொட்டது. அதன் 6ஆம் பிரிவு சொல்வது இதுதான்: ஓர் ஆக்கம் பிறந்தாலே போதும், பாதுகாப்புக் கிடைத்துவிடும். பதிவு வேண்டாம், முத்திரை வேண்டாம். அதன் உள்ளடக்கம் என்ன, தரம் என்ன, நோக்கம் என்ன என்று சட்டம் பார்க்காது. கோயில் பாட்டோ, காதல் பாட்டோ, போர்ப் பாட்டோ, எழுதியவருக்கு அது சொத்து. எழுதியவர் சட்டத்தை அறிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. யூரியூப் வந்து, வன்னிப் பாட்டுகள் அதில் ஏறி, ‘இது எங்களுடையது’ என்று வேறு வேறு நாடுகளிலிருந்து வேறு வேறு ஆட்கள் சொல்லத் தொடங்கிய பிறகுதான் இந்தச் சொத்தைப் பற்றி நாங்கள் யோசிக்கிறோம்.

முந்திய பகுதிகளில் பார்த்ததை ஒருக்கால் நினைவில் கொண்டுவந்துவிட்டுப் போவோம். பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரிக்குத் தடை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, பின்சில்லின் டைனமோவிலிருந்து இரண்டு வயரை இழுத்து ரேப் ரெக்கோடருக்குக் கொடுத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற மற்றவர்கள் பாட்டுக் கேட்டார்கள். சுற்றுகிறவருக்குக் கை உளைந்தால் ரி.எம்.எஸ்ஸின் குரல் இழுபட்டுப் பாதாளத்துக்குப் போகும். உற்சாகம் வந்தால் சுசீலாவின் குரல் கீச்சிடும். அந்தக் கசற்றுகள் றெக்கோடிங் பாரில் அடித்தவை. கொப்பித் தாளில் பாட்டுகளை வரிசையாக எழுதிக் கொடுத்தால் இரண்டு நாளில் கசற் வரும். கடைசியில் மிஞ்சுகிற இடத்தில் கடைக்காரர் தனக்குப் பிடித்த பாட்டில் பாதியை நிரப்பி விட்டிருப்பார்.

அந்தக் கடைகள் செய்தது அன்றைய சட்டப்படியே குற்றம். 1979ஆம் ஆண்டின் 52ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டக்கோவை நடைமுறையில் இருந்தது. இலங்கை 1959இலேயே பேர்ண் உடன்படிக்கையில் சேர்ந்த நாடு. ஆகவே கோடம்பாக்கத்துப் பாட்டுக்கும் இங்கே பாதுகாப்பு இருந்தது. சென்னை இசைத்தட்டுக் கம்பனி எதுவும் செல்லடிக்குள் வந்து ஒரு றெக்கோடிங் பார் மீது வழக்குப் போடப் போவதில்லை என்பதால் அந்தக் கேள்வி எழவில்லை. மனிதர்கள் பிரதி எடுத்தார்கள், மனிதர்கள் கேட்டார்கள், நடுவில் யந்திரம் எதுவும் காவல் இருக்கவில்லை.

இந்த நாட்டில் பாட்டின் உரிமை கைமாறிய கதைகளுக்குப் பஞ்சமில்லை. தேசிய கீதத்தை எழுதிய ஆனந்த சமரக்கோன் அதைத் தன் பாடல் தொகுப்பில் அச்சிட்டார். அச்சுக்கூலி கட்ட முடியாமல் உரிமையை அச்சகத்தாருக்கே கொடுத்துவிட்டார். பின்னால் அரசு அதை விலை கொடுத்து வாங்க வேண்டி வந்தது. நாட்டின் கீதத்துக்கே அந்த நிலை. ஆனால் சமரக்கோனுக்கு ஒரு வாய்ப்பிருந்தது: கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று காட்ட ஒரு கடதாசி இருந்தது. வன்னிப் பாட்டுக்கு அதுகூட இல்லை.

1990களில் யாழ்ப்பாணத்திலும், 1995 இறுதியின் பெரும் இடப்பெயர்வுக்குப் பிறகு வன்னியிலும் நூற்றுக்கணக்கில் பாட்டுகள் பதிவாயின. தொடக்கத்தில் சில தொகுப்புகள் தமிழகத்தில் உருவாயின. தேவேந்திரனின் இசையில் வந்த ‘களத்தில் கேட்கும் கானங்கள்’ அவற்றில் பெயர்பெற்றது. பிறகு இங்கேயே எழுதி, இங்கேயே மெட்டமைத்து, இங்கேயே பாடினார்கள். கலை பண்பாட்டுக் கழகத்துக்குப் பொறுப்பாக இருந்த புதுவை இரத்தினதுரை, இசையமைப்பாளர் கண்ணன், கிளிநொச்சி மேடைகளிலிருந்து வந்த எஸ்.ஜி. சாந்தன், வர்ண. இராமேஸ்வரன் என்று பல பேர். 1990 நவம்பர் 21இல் தொடங்கிய புலிகளின் குரல் அவற்றை ஒலிபரப்பியது. கசற்றுகள் கடல் கடந்து போய் லாச்சப்பல் கடைகளிலும் ஸ்காபரோக் கடைகளிலும் விற்பனைக்கு இருந்தன. உறை அட்டையில் வெளியீடு என்று ஒரு பிரிவின் பெயர் இருக்கும். பாடகரின் பெயர் அநேகமாக இருக்கும். எழுதியவரின் பெயர் சிலவேளை இருக்கும், சிலவேளை இயக்கப் பெயராக இருக்கும். ஒப்பந்தம் என்று ஒன்றை யாரும் யாரிடமும் கேட்கவில்லை. கேட்பதே அந்தச் சூழலில் அசிங்கமாகப் பட்டிருக்கும்.

சட்டம் படித்த ஒருவரிடம் இதைக் கொடுத்துப் பாருங்கள், தலையைச் சொறிவார். 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆக்கத்தின் முதல் உரிமையாளர் ஆக்கியவர்தான். வேலைக்கு அமர்த்தப்பட்டவர் வேலையின் பகுதியாக ஆக்கினால் பொருளாதார உரிமை வேலை கொடுத்தவருக்குப் போகும். போராளிக் கவிஞர் ஒருவர் ஊழியரா? இயக்கம் தொழில் வழங்குநரா? அப்படியே வைத்துக்கொண்டாலும், அந்தத் தொழில் வழங்குநர் 1998 ஜனவரியில் தடைசெய்யப்பட்டு, 2002 செப்ரெம்பரில் தடை நீங்கி, 2009 ஜனவரியில் மீண்டும் தடைசெய்யப்பட்ட அமைப்பு. அதன் சொத்துக்கு வாரிசு என்று எந்த நீதிமன்றத்தில் எவர் எழுந்து நிற்பார்?

வன்னியில் காணியோடு பழகியவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பெர்மிட் பெற்றுக் குடியேறியவர்களின் பிள்ளைகள் இன்று அந்தக் காணியில் மூன்றாந் தலைமுறை. வெட்டியது, கொத்தியது, கிணறு கட்டியது எல்லாம் அவர்கள். உறுதி இல்லை, இடப்பெயர்வில் பெர்மிட்டும் தொலைந்து போயிற்று. எல்லைக்கல்லைப் பிடுங்கி நடுகிறவர் தோன்றும்வரைக்கும் பிரச்சினை தெரியாது. பாட்டுக்கும் எல்லைக்கல் நட ஆட்கள் வந்தார்கள்.

யூரியூப் தொடங்கியது 2005இல். அடுத்த ஆண்டு ஒக்டோபரில் கூகிள் அதை 165 கோடி அமெரிக்க டொலருக்கு வாங்க உடன்பட்டது. 2007 மார்ச்சில் வயாகொம் நிறுவனம் தன் நிகழ்ச்சிகளை அனுமதியின்றி ஏற்றியதாக 100 கோடி டொலர் கேட்டு வழக்குப் போட்டது. அந்த ஆண்டு ஒக்டோபரில் யூரியூப் கொன்ரென்ற் ஐடி என்ற முறையை அறிமுகப்படுத்தியது. அதற்கு அடுத்த மாதம், நவம்பர் 27ஆம் திகதி, கிளிநொச்சியில் புலிகளின் குரல் நிலையத்தின் மீது விமானப்படை குண்டு போட்டது. பணியாளர்களும் பொதுமக்களும் கொல்லப்பட்டார்கள். யுனெஸ்கோவின் பணிப்பாளர் நாயகம் கண்டனம் தெரிவித்தார். ஒரு மாத இடைவெளியில் நடந்த இந்த இரண்டுக்கும் ஒன்றோடொன்று தொடர்பு கிடையாது. ஆனால் பின்னால் நடந்தவை எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடந்தன: குரலை வைத்து உரிமையாளரைக் கண்டுபிடிக்கும் யந்திரம் ஒரு பக்கம், மூலப்பதிவுகள் அழிந்த நிலம் இன்னொரு பக்கம்.

அந்த யந்திரம் வேலை செய்யும் விதத்தைச் சற்றுக் கிட்டப்போய்ப் பார்ப்போம். உரிமையாளர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஒரு கம்பனி, பாட்டின் பதிவை மாதிரியாக ஒப்படைக்கும். யந்திரம் அதிலிருந்து ஒரு கைரேகையை எடுத்து வைத்துக்கொள்ளும். அதன் பிறகு உலகின் எந்த மூலையிலிருந்து எந்த வீடியோ ஏறினாலும் அந்தக் கைரேகைகளோடு ஒப்பிடும். பொருந்தினால், உரிமையாளர் ஏற்கனவே சொல்லி வைத்தபடி மூன்றில் ஒன்று நடக்கும்: வீடியோவை மறைக்கும், அல்லது விளம்பரம் போட்டுக் காசை உரிமையாளருக்குத் திருப்பும், அல்லது எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று சும்மா கணக்கெடுக்கும். ஏற்றியவருக்கு ஒரு அறிவித்தல் வரும். எங்கள் பொடியள் அதைக் கிளெயிம் என்பார்கள். ஸ்ரைக் என்பது அதைவிடக் கடுமையானது. அது முறையான அகற்றல் முறைப்பாடு. 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சனலே போய்விடும்.

இதில் கவனிக்க வேண்டிய இடம், மாதிரியை ஒப்படைக்கும் அந்த முதற்படி. கொன்ரென்ற் ஐடி எல்லோருக்கும் திறந்ததல்ல. பெரிய உரிமையாளர்களுக்கும், அவர்களுக்காக வேலை செய்யும் விநியோகக் கம்பனிகளுக்கும் உரியது. சின்ன ஆள் ஒருவர் அதற்குள் போக வேண்டுமானால் ஒரு விநியோகக் கம்பனியிடம் பாட்டைக் கொடுக்க வேண்டும். அந்தக் கம்பனி கேட்பது, ‘இதன் உரிமை என்னிடம் உண்டு’ என்ற வாசகத்துக்கு எதிரே ஒரு சரி அடையாளம். கசற்றைக் கணினியில் போட்டுச் சத்தத்தைத் துப்புரவாக்கிய ஒருவரும் அந்தச் சரியைப் போடலாம். மெட்டமைத்தவரின் மகளும் போடலாம். முந்தியவர் யாரோ அவருடைய கைரேகைதான் பதிவாகும். அதன் பிறகு பாடியவரே தன் பாட்டைத் தன் சனலில் ஏற்றினாலும் கிளெயிம் அவர் தலையில் விழும்.

இது கற்பனைப் பயம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் அரிசோனாவில் மீடியாமுவ் என்ற பெயரில் இரண்டு பேர் செய்ததைப் பாருங்கள். 50,000க்கு மேற்பட்ட லத்தீன் அமெரிக்கப் பாட்டுகள் தங்களுக்குச் சொந்தம் என்று ஒரு விநியோகக் கம்பனியிடம் சொன்னார்கள். சில ஆண்டுகளில் 2 கோடி டொலருக்கு மேல் அவர்கள் கைக்குப் போனது. 2021 நவம்பரில் குற்றப்பத்திரம் தாக்கலானது. 2023இல் அவர்களில் ஒருவருக்கு 5 வருடம் 10 மாதச் சிறை. அந்தப் பாடகர்களில் பலருக்குத் தங்கள் பாட்டு யூரியூப்பில் காசு உழைக்கிறது என்பதே தெரியாமல் இருந்தது. தேடிவர ஆளில்லாத பாட்டில்தான் திருட்டு எளிது.

யூரியூப்பே வெளியிட்ட கணக்கும் இருக்கிறது. 2021இன் முதல் ஆறு மாதத்தில் மட்டும் 72 கோடி 20 இலட்சம் கிளெயிம்கள். அவற்றில் தகராறு செய்யப்பட்டவை ஒரு வீதத்துக்கும் குறைவு, ஏறக்குறைய 37 இலட்சம். தகராறு செய்தவர்களில் 60 வீதமானோர் வென்றிருக்கிறார்கள். கம்பனி இதைக் காட்டி, முறை நன்றாக இயங்குகிறது என்கிறது. எனக்கு அந்தக் கணக்கு வேறு மாதிரித் தெரிகிறது. கேட்டவர்களில் பாதிக்கு மேல் வெல்கிறார்கள் என்றால், கேட்காமல் விட்டவர்களில் எத்தனை பேர் வென்றிருப்பார்கள்?

கேட்பது அவ்வளவு சுலபமில்லை என்பதும் உண்மை. அகற்றல் முறைப்பாட்டுக்கு எதிர் அறிவித்தல் கொடுப்பவர் தன் முழுப்பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எல்லாம் எழுத வேண்டும். அவை முறைப்பாடு செய்தவரின் கைக்குப் போகும். அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர், யூரியூப் இருக்கும் கலிபோர்னியப் பகுதியின் நீதிமன்ற அதிகாரத்துக்கு உடன்படுவதாகவும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதன் பிறகு 10 வேலைநாளுக்குள் மற்றவர் வழக்குப் போட்டதாகக் காட்டாவிட்டால்தான் வீடியோ திரும்பி வரும். விசுவமடுவில் இருக்கிற ஒருவர் இந்தப் படிவத்தின் முன்னால் இருப்பதை நினைத்துப் பாருங்கள். அதுவும் ஏற்றியது போர்க்காலப் பாட்டு என்றால்? பயங்கரவாதத் தடைச் சட்டம் இன்னும் இருக்கிற நாட்டில், முகநூல் பதிவுக்குக்கூட விசாரணைக்குக் கூப்பிடுகிற நாட்டில், முகம் தெரியாத ஒருவருக்குத் தன் வீட்டு முகவரியை எழுதிக் கொடுக்க எவர் துணிவார்? பாட்டு தன்னுடையதே என்றாலும் பேசாமல் விடுவார். அப்படியான வீடியோக்கள் பதிப்புரிமையால் மட்டுமல்ல, தடைசெய்யப்பட்ட அமைப்புகள் பற்றிய தளங்களின் விதிகளாலும் காணாமல் போகின்றன. ஏற்றியவருக்கு இரண்டும் ஒன்றுதான்: நேற்று இருந்தது, இன்றைக்கு இல்லை.

இனி இந்தப் பகுதியின் கனமான இடத்துக்கு வருகிறேன்.

மாவீரர் துயிலுமில்லங்களில் ஒலிக்கும் பாட்டை எடுத்துக்கொள்வோம். சொல் புதுவை இரத்தினதுரையுடையது, இசை கண்ணனுடையது, குரல் வர்ண. இராமேஸ்வரனுடையது. பதிவானது 1990களின் தொடக்கத்தில். யூரியூப்பில் அது எத்தனை சனல்களில், எத்தனை பின்னணிப் படங்களோடு, எத்தனை பேருடைய இலச்சினை மூலையில் ஒட்டப்பட்டுக் கிடக்கிறது என்று எண்ணி முடியாது.

சட்டப்படி இந்த மூவருக்கும் தனித்தனியே உரிமை உண்டு. பாடியவரின் உரிமை, குரல் பதிவான ஆண்டிலிருந்து 50 ஆண்டு. இராமேஸ்வரன் கனடாவில் 2021 செப்ரெம்பரில் கொரோனாத் தொற்றால் காலமானார். அவருடைய உரிமை 2040களில் முடியும். 2017 பெப்ரவரி 26இல் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் காலமான சாந்தனின் குரலுக்கும் இதே கணக்குத்தான். சொல்லுக்கும் மெட்டுக்கும் கணக்கு வேறு: ஆக்கியவரின் ஆயுட்காலமும், அவர் இறந்த பிறகு 70 ஆண்டும்.

புதுவை இரத்தினதுரை 1948இல் பிறந்தவர். 2009 மே நடுப்பகுதியில் வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்தவர்களில் அவரும் ஒருவர் என்று குடும்பத்தினர் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு அவருக்கு என்ன நடந்தது என்று இன்றுவரை பதில் இல்லை. அப்படியானால் 70 ஆண்டை எந்தத் திகதியிலிருந்து எண்ணுவது?

சட்டம் இதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறது. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இறப்புகளைப் பதிவுசெய்தல் தற்காலிக ஏற்பாடுகள் சட்டத்தின் கீழ், காணாமற்போனவருக்கு இறப்புச் சான்றிதழ் எடுக்கலாம். 2016இல் அதைத் திருத்தி, இறந்தார் என்று சொல்லாமல் காணப்படாமைச் சான்றிதழ் ஒன்றும் கொடுக்கலாம் என்றார்கள். முதலாவதை எடுத்தால் கவிஞரின் உரிமைக்கு ஒரு முடிவுத் திகதி பிறக்கும், வாரிசுகள் உரிமையாளர் ஆவார்கள், யூரியூப்புக்கும் விநியோகக் கம்பனிக்கும் கடிதம் எழுதலாம். ஆனால் அதை எடுப்பதென்றால் அவர் இறந்துவிட்டார் என்று ஒப்பமிட வேண்டும். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன்றலில் கொட்டில் போட்டு உட்கார்ந்த தாய்மார் வருடக்கணக்காகச் சொல்லி வருவது இதைத்தான்: சான்றிதழும் வேண்டாம், நட்டஈடும் வேண்டாம், கையில் ஒப்படைத்த பிள்ளை எங்கே என்று சொல்லுங்கள். அந்த நிலைப்பாட்டில் நிற்கிற குடும்பம், தன் வீட்டுக் கவிஞரின் பாட்டுக்கு உரிமை கோரிக் கடிதம் எழுத முடியாது. எழுதாதவரைக்கும், முன்னுக்கு வந்து சரி அடையாளம் போட்டவர்தான் உரிமையாளர்.

இப்படி ஒரு முடிச்சு விழும் என்று 2003இல் சட்டம் வரைந்தவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள். ஆயுள் என்றால் அதற்கு ஒரு முடிவு இருக்கும், அந்த முடிவு ஒரு பதிவேட்டில் இருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதிய வாசகம் அது. வன்னியில் அந்தப் பதிவேடு வெறுமையாகக் கிடக்கிறது.

கனத்தை இறக்கி வைத்துவிட்டு அன்றாட வாழ்க்கைக்குள் வருவோம். இன்றைக்குக் கிளிநொச்சியில் கொப்பிரைற் என்ற சொல்லை அதிகம் கேட்க வேண்டுமானால் வீடியோ எடிற் செய்கிற கடைக்குப் போக வேண்டும். சாமத்தியவீடோ கலியாணவீடோ, வெளிநாட்டுச் சொந்தம் பார்ப்பதற்காக நேரலை போடாத குடும்பம் குறைவு. மாப்பிள்ளை மண்டபத்துக்குள் வரும்போது ஒரு படப்பாட்டு, பொம்பிளை வரும்போது இன்னொன்று, தாலி கட்டும்போது கெட்டிமேளம். முகநூல் நேரலையில் படப்பாட்டு வந்த இடம் ஊமையாகும். ரொறன்ரோவில் விடியப்புறம் எழும்பி இருந்து பார்க்கிற மாமி, ‘என்ன தம்பி, சத்தம் வருகுதில்லை’ என்று வட்ஸ்அப்பில் கேட்பா. யூரியூப்பில் இன்னும் மோசம்: நேரலைக்கு நடுவிலேயே படத்தை எடுத்துவிட்டு ஒரு வெற்றுப் பலகையைக் காட்டக் கூடும். எடிற்றர்மார் கண்டுபிடித்த உபாயங்கள் பல. பாட்டின் சுருதியைச் சற்று ஏற்றுவது, வேகத்தைக் கூட்டுவது, மேலே அலைச்சத்தம் ஒன்றைப் போடுவது. டைனமோவைச் சுற்றியவர் கைநோவால் கெடுத்த அதே பாட்டை இவர்கள் வேண்டுமென்றே கெடுக்கிறார்கள்.

கோயில் திருவிழாவிலும் இது உண்டு. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசிப் பொங்கலுக்கு உப்புநீரில் விளக்கெரிவதைப் பார்க்க வர முடியாதவர்கள் நேரலையில் பார்க்கிறார்கள். கண்ணகி கதைக்கு உரிமை கோர ஒருவருமில்லை. ஆனால் தவில் நாதஸ்வரக் கச்சேரி நடுச்சாமத்துக்குப் பிறகு சனத்தின் விருப்பத்துக்குப் படப்பாட்டுக்கு இறங்கும். யந்திரம் மெட்டையும் அடையாளம் காணும், நாதஸ்வரத்தில் வாசித்தாலும் சரி. தேவாரம் ஆயிரத்து முந்நூறு ஆண்டுப் பழையது. ஆனால் ஒலிபெருக்கியில் போடுகிற தருமபுரம் சுவாமிநாதனின் தேவாரம் ஒரு பதிவு, பதிவுக்கு உரிமை உண்டு. செத்தவீட்டு நேரலையில் தேவாரத்துக்குக் கிளெயிம் வந்தால் யந்திரத்துக்கு மூளை பிசகிவிட்டது என்று ஏச வேண்டியதில்லை. சம்பந்தருக்காக அது கேட்கவில்லை, ஒலிப்பதிவுக் கம்பனிக்காகத்தான் கேட்கிறது.

ஏ9இல் ஓடுகிற தனியார் பஸ்ஸில் ஏறியவர்களுக்கு இளையராஜா வீட்டு ஆள். அவர் 2017 மார்ச்சில் எஸ்.பி. பாலசுப்பிரமணியத்துக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியபோது, அமெரிக்க மேடைகளில் தன் பாட்டைப் பாட அனுமதி வேண்டும் என்றபோது, இங்கேயும் சனம் இரண்டாகப் பிரிந்து வாதாடியது. 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இசையமைப்பாளரின் தார்மிக உரிமையை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. மேன்முறையீட்டில் 2024 ஏப்ரலில் நீதிபதிகள் எழுப்பிய கேள்விதான் எனக்குப் பிடித்தது: பாடலாசிரியரும் உரிமை கேட்டு வந்தால் என்ன செய்வது? அந்த ஆண்டே ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படத்தில் ‘குணா’ பாட்டு வந்ததற்கும் நோட்டீஸ் போனது. அவரைப் பேராசைக்காரர் என்றவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 1980களில் கம்பனிகளோடு போட்ட ஒப்பந்தங்களைக் கையில் வைத்துக்கொண்டு, உயிரோடிருந்து, நீதிமன்றம் ஏறி வாதாடுகிற ஒருவருக்கே இத்தனை ஆண்டு இழுபடுகிறது. கிளிநொச்சியில் ஒரு பாடகரின் பிள்ளை கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றத்துக்கு 300 கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்து, கையில் ஒரு பழைய கசற் உறையோடு போய் நிற்பதை வைத்துப் பாருங்கள்.

நாட்டார் பாட்டைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு நாட்டார் வெளிப்பாடுகளுக்குப் பாதுகாப்புக் கொடுக்கிறது. வழமையான சூழலுக்கு வெளியேயோ வணிக நோக்கத்தோடோ அவற்றைப் பயன்படுத்துகிறவர், அமைச்சர் குறிக்கும் அதிகாரியிடம் அனுமதி பெற்றுக் கட்டணம் செலுத்த வேண்டும். அந்தக் காசு பண்பாட்டு வளர்ச்சிக்குப் போக வேண்டும். முல்லைத்தீவின் கோவலன் கூத்தும், யானையை அடக்கிய அரியாத்தையின் கதையைச் சொல்லும் வேழம்படுத்த வீராங்கனையும் இதற்குள் அடங்கும். கடதாசியில் நல்ல பிரிவு. ஆனால் காசு பண்பாட்டு வளர்ச்சி என்ற பெயரில் அரசுக்குப் போகுமே தவிர, கூத்தைத் தலைமுறையாகக் காத்த அண்ணாவியார் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அதில் இல்லை. 2021 மார்ச்சில் வந்த ‘என்ஜாய் எஞ்சாமி’யையும் இந்த இடத்தில் நினைக்கலாம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பிய பாட்டியின் நினைவிலிருந்து பேரன் அறிவு எழுதியது. ஒப்பாரி அதன் உயிர். பாட்டு யாருடையது என்று தொடங்கிய சண்டை பல திசையில் போனது. 2024 மார்ச்சில், தனக்கு அதிலிருந்து ஒரு சதமும் வரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் பகிரங்கமாகச் சொன்னார். மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்களில் அதே ஒப்பாரி இன்றும் இருக்கிறது. அதை எடுத்து மெட்டாக்க அடுத்த ஆள் வந்தால் அனுமதியை ஆரிடம் கேட்பார்?

இப்போது வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் பாட்டுச் செய்கிற இளையவர்கள் இந்த விசயத்தில் எங்களைவிடக் கெட்டிக்காரர். பாட்டு வெளிவரும் முன்னரே விநியோகக் கம்பனியில் பதிந்து, ஒலிப்பதிவுக்கு உரிய குறியீட்டு எண்ணை எடுத்து, எழுத்து, இசை, குரல், கலவை என்று பெயர்களைப் போட்டுவிட்டுத்தான் யூரியூப்பில் விடுகிறார்கள். பாட்டில் வருகிற காசு தேநீருக்கும் காணாது என்பது வேறு கதை.

பழைய பாட்டுகளுக்கு இனிச் செய்யக்கூடியது ஒன்றுதான், அதுவும் ஓசிதான். 2005இலிருந்து ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்தி வரும் நூலக நிறுவனம் போன்ற ஆவணக்காரர்கள் ஓர் ஒலிநாடாவைக் காப்பாற்ற முன்வந்தாலும், முதலில் தேடுவது இது யாருடையது என்ற விபரத்தை. அந்த விபரம் ஒலியில் இல்லை, உறை அட்டையில்தான் இருக்கிறது. ஒலியை ஆயிரம் பேர் ஏற்றிவிட்டார்கள். அட்டையை ஏற்றியவர் அரிது. ஆகவே இந்தத் தொடரைப் படிக்கிறவர்களிடம், குறிப்பாக வெளிநாட்டில் அலுமாரிக்கு மேல் பெட்டியில் கசற் வைத்திருப்பவர்களிடம் கேட்பது: ஒலியை நீங்கள் பிரதி எடுக்க வேண்டாம். உள்ளே மடித்திருக்கும் அட்டையை வெளியே எடுத்து இரண்டு பக்கமும் படம் பிடியுங்கள். எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர், பதிந்த கூடம், ஆண்டு, எது இருக்கிறதோ அது. இயக்கப் பெயர்தான் இருக்கிறது, அவர் இன்னார் என்று உங்களுக்குத் தெரியும் என்றால் அந்தக் குடும்பத்திடம் முதலில் கேளுங்கள். அவர்கள் சம்மதித்தால் மட்டும் எழுதி அனுப்புங்கள்.

(தொடரும்)